கட்டைக்குள் ஆணி

ஒரு கோடை முழுக்க வெயிலில் கிடந்தும் அந்தப் புளியங்கட்டை மட்டும் காயவில்லை. அவனியாபுரம் வீட்டுக் கொல்லையில் மற்றக் கட்டைகள் வெடித்துக் கிடக்க, அது தலைக்குக் குளித்துவிட்டு வந்தாற்போல் ஈரமாக இருந்தது. கிட்டப் போனால் சீயக்காய் வாசனை. அழகுபாண்டி கோடரியை ஓங்கிப் போட்டால் வழுக்கியது. மனைவி முத்துமீனா காய்ச்சலில் போனபின் மகள் தமிழ்வாணிக்கு வெந்நீர் போடுவதும் தலை பின்னுவதும் அவன்தான். சின்ன விறகு தீர்ந்துவிட்டது. மகளைக் கூட்டிக்கொண்டு மரம் அறுக்கும் மெஷின் பார்க்கப் போனான்.

கடைக்காரர் இம்மானுவேல் குனிந்து தமிழ்வாணியைப் பார்த்தார். “அப்பா பின்னி விட்டதா பாப்பா? ஒரு சடை கெழக்க போகுது, ஒண்ணு மேக்க போகுது!”

அவள் சிரித்தாள். அம்மா போனபின் முதல் தடவை.

இம்மானுவேல் அழகுபாண்டியிடம் திரும்பினார். “பெட்ரோல் மெஷின் வேணாம்ணே. வீட்டு வெறகுக்குக் கரண்டுல ஓடுறது போதும். பிள்ள இருக்க வீடு. பிளக்கப் பிடுங்குனா அடங்கிரும். என்ன மரம்?”

“புளி. ரோட்ட அகலப்படுத்தயில வெட்டினது.”

“ரோட்டுப் புளியா? ஆணி இருக்கும். பேய் ஓட்டுறவங்க, பேய் பிடிச்ச ஆளோட உச்சிமுடிய வச்சு அடிச்சிருப்பாங்க. பேய் அங்கனயே கெடக்குமாம்.” பதினாறு அங்குல மெஷினை எடுத்து வைத்தார். “பேய் நம்மள ஒண்ணும் செய்யாது. செயின் போயிரும். ஆணி தெரிஞ்சா மொதல்ல கொறட்டால பிடுங்கிருங்க.”

விளக்கு வைக்கும் நேரத்தில் வேலையைத் தொடங்கினான். தமிழ்வாணியை உள்ளே உட்கார்த்திக் கதவைச் சாத்தினான். செயின் கட்டைக்குள் இறங்க இறங்க, மரத்தூளுக்குப் பதில் ஈரமான கறுப்புச் சக்கை வழிந்தது. மெஷினின் இரைச்சலுக்கு அடியில் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது போல ஒரு சத்தம் கூடவே ஓடியது. தீப்பொறி தெறித்தது. பிளக்கைப் பிடுங்கினான்.

முனகல் நிற்கவில்லை.

வெட்டுவாயில் துருப்பிடித்த ஆணி. அதைச் சுற்றி முடி. கடைக்காரர் சொன்னது போலக் குறட்டால் பிடுங்கினான். வெண்ணெயிலிருந்து வருவது போல வந்தது. முனகல் நின்றது. முடி தொங்கியது, ஈரமாக, இப்போதுதான் எண்ணெய் வைத்தது போல. இழுத்தான். வந்துகொண்டே இருந்தது.

உள்ளே தமிழ்வாணி அலறினாள். “அப்பா, வலிக்குதுப்பா! முடிய இழுக்காதப்பா!”

விட்டான்.

முடி கீழே விழவில்லை. மெல்லக் கட்டைக்குள் திரும்பிப் போனது. ஒரு விரல் நீளம். நின்றது. இன்னொரு விரல்.

வீட்டுக்குள் சிமெண்டுத் தரையில் குதிகால் தேயும் சத்தம்.

முடியைப் பிடித்தான். அவள் அலறினாள். விட்டான். தேயும் சத்தம். ஆணியை ஓட்டையில் வைத்து உள்ளங்கையால் அடித்தான். ஆணி நிற்கவில்லை. மறுபடி அடித்தான். கை கிழிந்தது. பிடுங்குவதற்கு வேறு பிளக் இல்லை.

கதவு திறந்தது.

முதுகைக் காட்டிக்கொண்டு வந்தாள். தலை பின்னால் மடிந்து, முகம் தலைகீழாக. கிழக்கும் மேற்குமாகக் கிடந்த இரண்டு சடையும் விறைத்து நீண்டு கட்டையைக் காட்டின.

“அப்பா.”

ஆணி கையிலிருந்து விழுந்தது.

கட்டையில் அது இருந்த ஓட்டை, ஒரு பிள்ளையின் தலை நுழையும் அளவுக்கு விரிந்திருந்தது.