இடது காதின் இரைச்சல்

ஓஸ்வால்ட் பஸ்ஸரின் சத்தத்தைக் குறைத்தான். லைனில் இருந்த இரைச்சலும் கூடவே குறைந்தது.

அப்படிக் குறையக் கூடாது. கண்டோன்மென்ட் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவனுக்கு வேலையே இதுதான். ரிசீவரை இடது காதில் வைத்து, ஸ்விட்சை ஒரு பக்கம் தட்டினால் லைனின் இரைச்சல், மறுபக்கம் தட்டினால் அளவுப் பெட்டிக்குள் ரீங்கரிக்கும் பஸ்ஸர். இரண்டும் காதுக்கு ஒரே அளவாகும் வரை பஸ்ஸரின் குமிழைத் திருகி, முள் காட்டும் எண்ணைச் சொல்ல வேண்டும். 1938 ஆகஸ்ட்டின் அந்த மழை மாலையில், ஈரச் சாக்கும் சூடான ரப்பரும் நாறிய அறையில், மல்லேஸ்வரம் லைன் புது மருமகளைப் போல எந்த எண்ணுக்கும் தலையாட்டியது. கூட்டினால் கூடியது, குறைத்தால் குறைந்தது. யாரோ ஈரத் தரையில் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடப்பது போல ஓயாமல் இழுத்தது.

லைன் கெட்டிருக்கட்டும் மாதாவே, என் காது கெட்டிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டான். காது போனால் வேலையும் போகும் என்று இன்ஸ்பெக்டர் சேஷகிரி போன வாரம்தான் சொல்லியிருந்தார். வீட்டில் மனைவி பிரிஜெட்டுக்கு ஏழாம் மாதம்.

மல்லேஸ்வரம் முனையில் இருந்த லைன்மேன் சில்வெஸ்டரை வேறொரு லைனில் கூப்பிட்டான். "அந்த லைனைக் கழட்டுப்பா."

"மழை வந்தப்பவே கழட்டிட்டேனே. இன்னுமா கேக்குது?"

கேட்டது. தன் பக்கத்து இணைப்பையும் பிடுங்கினான். கேட்டது. ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தான்.

கேட்டது.

பிளாக்பள்ளியில் இருந்த வீடு வரை அது கூடவே வந்தது. ஜட்கா வண்டிகளின் சத்தத்துக்கு ஏற்ப உயர்ந்து, சந்து அடங்கியதும் தானும் அடங்கி, அவன் மூச்சின் அளவுக்கு இறங்கியது.

"என்னங்க, மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு?" என்றாள் பிரிஜெட்.

சொன்னான். "என் காதோட உன் காதை வெச்சுப் பாரு. உனக்கும் கேட்டா என் காதுல கோளாறு இல்ல. வேலை தப்பிச்சுது."

"நல்லா இருக்கு போங்க." சிரித்துக்கொண்டே காதை ஒட்டவைத்தாள். தேங்காயெண்ணெய் வாசனை. குளிர்ந்த கன்னம். சிரிப்பு நின்றது.

"கேக்குது."

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. விலகப் பார்த்தான். அவள் விடவில்லை. பின்கழுத்தைப் பிடித்து இன்னும் நெருக்கினாள். இன்னொரு கை வயிற்றுக்குப் போனது.

இரைச்சல் நின்றது. முதல் தடவையாக.

பிரிஜெட் அவனிடம் பேசவில்லை. அவன் காதுக்குள், மரியாதையாக, தாழ்ந்த குரலில் பதில் சொன்னாள்.

"ஆமாங்க. ஏழாம் மாசந்தான்."