வானொலியில் சொன்ன தம்பி

பாட்டில் இரண்டாவது அடி முடிந்து மூன்றாவது அடி தொடங்குவதற்கு முன்னால் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

பரமேஸ்வரன் சீடியைப் பின்னோக்கி ஓட்டி மறுபடி கேட்டான். விம்பிள்டனில் ட்ராம் பாதைக்குப் பக்கத்துத் தெருவொன்றில் வேனை நிறுத்தியிருந்தான். பகல் மூன்று மணிதான், ஆனால் நவம்பர் மழையில் தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. வேனின் பின்பக்கத்தில் வயர்ச் சுருள்களும் ஏணியும் கிடந்தன. வானொலி நிலையத்தார் அவன் பாடிய நிகழ்ச்சியின் பிரதியைத் தபாலில் அனுப்பியிருந்தார்கள். தன் குரலைத் தானே கேட்கும் ஆசையில், அடுத்துப் போகவேண்டியிருந்த வீட்டின் மின்சார வேலைக்குப் போகாமல் அவன் அதைப் போட்டுக்கொண்டிருந்தான்.

அந்தப் பாட்டில் ஒவ்வொரு அடிக்குப் பிறகும் ஓர் இடைவெளி வரும். பாடுகிறவர் ஒன்றைச் சொல்ல, வாத்தியம் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ப்ளூஸ் பாட்டுகள் பல அப்படித்தான். அவனோடு சேர்ந்து பாடும் பெர்னடெற் கூட இருந்திருந்தால் அவளுடைய மௌத் ஓர்கன் அங்கே பதில் சொல்லியிருக்கும். அவள் இல்லாததால் அவன் அந்த இடங்களை வெறுமையாக விட்டிருந்தான். அப்படி விட்டால் கேட்கிறவர்களுக்கு நெஞ்சு கனக்கும் என்று அவனுக்குத் தெரியும். அந்த வெறுமைக்குள்தான் இப்போது அந்த மூச்சு. கூப்பிட்டவருக்குப் பதில் சொல்ல வாயெடுக்கிறவன் இழுக்கும் மூச்சு. பிறகு கிற்றார் தொடங்கிவிட்டது. பதில் வரவில்லை.

ஒலிப்பதிவு அறையில் அவன் தனியாகத்தான் இருந்தான்.

பயம் வருவதற்கு முன் அவனுக்கு வெட்கம் வந்தது. ஒளித்துச் செய்த ஒன்றை யாரோ பக்கத்தில் நின்று பார்த்துவிட்டதைப் போன்ற வெட்கம். அவன் சீடியை வெளியே எடுத்து உறைக்குள் போட்டான்.

அவனும் பெர்னடெற்றும் சேர்ந்து பாடத் தொடங்கி ஐந்து வருடமாகியிருந்தது. அவன் சுவிஸில் பத்து வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவன். அங்கே பாசல் நகரில் கோப்பை கழுவிய உணவகத்தில் ஒரு கிழட்டுச் சமையற்காரர் அவனுக்குக் கிற்றாரும் ப்ளூஸும் பழக்கியிருந்தார். 2001இல் வெஸ்ட் ஈலிங்கில் ஒரு கல்யாண மண்டபத்தில் மைக் பழுதாகி அதைத் திருத்தப் போனபோது, மைக்கைச் சோதிக்க யாராவது ஏதாவது பாடுங்கோ என்று கேட்டான். மேசைகளுக்குத் துணி விரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் வந்து தேவாலயப் பாட்டொன்றின் இரண்டு வரியைப் பாடினாள். அடித்தொண்டையில் இருந்து வந்த, ஆண்பிள்ளைக் குரலுக்குப் பக்கத்தில் நிற்கும் குரல். அவன் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டான்.

டூ செயர்ஸ் என்று பெயர் வைத்தார்கள். இரண்டு கதிரை, ஒரு மைக், அவ்வளவுதான் அவர்களுடைய மேடை. ஈலிங், ரூற்றிங், விம்பிள்டன் என்று பப்புகளின் பின்னறைகளில் பாடினார்கள். ஒரு தமிழனும் தமிழிச்சியும் அமெரிக்கப் பருத்தித் தோட்டத்துப் பாட்டுகளைப் பாடுவதை ஆட்கள் முதலில் ஒரு வேடிக்கையாகத்தான் பார்ப்பார்கள். இரண்டாவது பாட்டில் கிளாஸ்களைக் கீழே வைப்பார்கள். முதியோர் இல்லத்தில் ஷிப்ட் முடித்து, சீருடைக்கு மேல் கோட் போட்டுக்கொண்டு பெர்னடெற் ஓடி வருவாள். 2004 கோடையில் ஒரு விழாக் கூடாரத்தில் நானூறு பேர் எழுந்து நின்று கை தட்டியபோது, அவள் அவன் காதருகே குனிந்து, “பரமண்ணை, எனக்குக் கால் நடுங்குது, என்னைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ” என்றாள். அவன் பிடித்துக்கொண்டான். அந்த நாளை நினைக்கத்தான் இப்போது அவனுக்கு அதிகம் கூசியது.

வானொலியில் அவன் பாடிய அந்தப் பாட்டை அவள் ஒரே ஒரு முறைதான் பாடினாள், அவனுடைய வீட்டு முன்னறையில், ஒத்திகைக்கு நடுவில். ஊரில் போர் நடந்துகொண்டிருந்த 1990இல் அவளுடைய அண்ணன் யூட் பதினேழு வயதில் சைக்கிளில் போய்த் திரும்பி வரவில்லை. அவர்களுடைய தாய் பின்னேரங்களில் வீட்டு வாசற் படலையடியில் நின்று அவனைக் கூப்பிடுவாள். கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தக் கூப்பாட்டுக்கு ஒரு ராகம் வந்துவிட்டது. அதைத்தான் பெர்னடெற் பாடினாள்.

“பொழுது பட்டுப் போச்சு ராசா, எங்கை நிக்கிறாய்? கூப்பிடுறது கேக்குதோ ராசா, ஒருக்காச் சொல்லன்.”

அவன் கிற்றாரைத் தொடவே இல்லை. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “இது மேடைக்கு வேண்டாம் அண்ணை. இது அம்மாவின்ரை.”

“ஓம் ஓம். இதை ஆர் பாடப்போகினம்?” என்றான் அவன். மேசையின் கீழ்த் தட்டில் ஒலிப்பதிவு செய்யும் மினிடிஸ்க் ஓடிக்கொண்டிருந்தது. ஒத்திகை நேரத்தில் அது எப்போதும் ஓடும்; அவள் அதை மறந்திருந்தாள். அவன் மறக்கவில்லை.

இந்த ஒக்டோபரில் வானொலியில் இருந்து அழைத்தார்கள். தயாரிப்பாளர் பெண், உங்களுடைய ஊர்ப் பாட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். அவன் இருக்கிறது என்றான். மூன்று நாட்களைச் சொல்லி ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னாள். பெர்னடெற்றுக்கு ஷிப்ட் உள்ள நாளாகப் பார்த்து அவன் தெரிவு செய்தான்.

பாடி முடிந்ததும் அறிவிப்பாளர் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். பிறகு தணிந்த குரலில், இது யாரைக் கூப்பிடுகிற பாட்டு என்று கேட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பரமேஸ்வரனுக்கு உண்மையைச் சொல்ல ஒரு கணம் இருந்தது. ஒரு முழுக் கணம். கூடப் பிறந்தவர் யாரும் இல்லாத, வீட்டுக்கு ஒரே பிள்ளையான அவன், “என்னுடைய தம்பியை” என்றான்.

அன்றைக்கு அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி செல்வமலர் வானொலியில் அதைக் கேட்டுவிட்டுக் குசினியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அவள் திருகோணமலைக்காரி, கல்யாணம் சூரிக்கில் நடந்தது, அவனுடைய தாய் தகப்பனை அவள் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். “ஏழு வருசமா என்னட்டைக் கூடச் சொல்லேல்லையே, ஏனப்பா?” என்று அவன் கையைப் பிடித்தாள். “சொல்ல ஏலாமல் இருந்தது” என்றான் அவன். அதைச் சொல்லும்போது அவனுக்கு உண்மையாகவே கண்ணீர் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று அவனுக்கு விளங்கவில்லை.

பாட்டு வானொலியில் போனதை அறிந்தும் பெர்னடெற் தொலைபேசியில் அழைக்கவில்லை. திட்டவில்லை. அடுத்த ஒத்திகைக்கு வரவில்லை, அதற்கடுத்ததற்கும் வரவில்லை. அவ்வளவுதான்.

அந்த மூச்சை வேனில் கேட்ட பிறகு அவன் சீடியைப் போடுவதில்லை என்று முடிவெடுத்தான். போட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. யாரோ ஒருவருடைய வீட்டு மாடிப்படிக்குக் கீழே, மின்பெட்டியைத் திறந்து, டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு குந்தியிருக்கும்போது, தன்னை அறியாமல் அந்த ராகத்தை முணுமுணுத்துவிடுவான்; முதல் அடி முடிந்து நிறுத்துவான்; அந்தப் பழைய கோட்டுகளும் சப்பாத்துகளும் தூசி மணக்கும் இருட்டுக்குள், அவனுடைய வலது தோளுக்குப் பின்னால், மெல்ல, மரியாதையாக, ஒருவர் மூச்சை இழுப்பார். திரும்பினால் கோட்டுகள் தொங்கும். கோட்டுகளில் ஒன்று ஆடி நிற்கும்.

டிசம்பரில் அப்டன் பார்க்கில் ஒரு மண்டபத்தில் ஊர்ச்சங்கம் நினைவுக் கூட்டம் வைத்தது. “உங்கட தம்பியின்ரை பாட்டைப் பாட வேணும்” என்று அம்பலவாணன் என்ற சங்கத் தலைவர் மூன்று முறை அழைத்தார். மறுக்கக் காரணம் தேவை. காரணம் சொன்னால் எல்லாம் வெளியே வரும். அவன் போனான். மகனைப் பறிகொடுத்தவர்கள், அண்ணனைப் பறிகொடுத்தவர்கள், பகல் வெளிச்சத்தில் வரிசையாக இருந்தார்கள். ஒரு வயதான அம்மா மேடைக்கு முன்னால் வந்து அவனுடைய கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார். அந்தக் கை பட்ட இடம் எரிந்தது.

முதல் அடியைப் பாடி நிறுத்தினான். இடைவெளி. மூச்சு.

முன்வரிசையில் இருந்தவர்கள் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில் நிற்கும் யாரையோ பார்த்தார்கள். அம்பலவாணன் எழுந்து ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டுவந்து அவனருகில் போட்டார். யாருக்கோ தலையசைத்தார். திரும்பித் தன் இடத்தில் போய் இருந்துகொண்டார்.

பரமேஸ்வரன் பாட்டை முடிக்கவில்லை. கை தட்டினார்கள். துயரத்தில் பாட முடியவில்லை என்று நினைத்திருப்பார்கள். கிற்றாரைப் பெட்டிக்குள் வைக்கும்போது அந்தக் கதிரையின் பக்கம் திரும்பாமலே வைத்தான்.

மறுநாள் மத்தியானம் அவன் பெர்னடெற் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குப் போனான். அவள் பின்வாசலுக்கு வந்தாள், கைகளில் ரப்பர்க் கையுறையோடு. மெலிந்திருந்தாள்.

“பெர்னடெற், நான் பிழை விட்டிட்டன்” என்று தொடங்கினான். எத்தனையோ தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வசனம் அதற்கு மேல் ஓடவில்லை. மூச்சைப் பற்றிச் சொன்னான். கதிரையைப் பற்றிச் சொன்னான். அவள் சிரிப்பாள், அல்லது அறைவாள் என்று எதிர்பார்த்தான். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் உறைகளைக் கழற்றினாள். “என்னண்டு சொல்லிக் கூப்பிட்டனீங்கள்?”

“தம்பி எண்டு.”

“அம்மா பதினாறு வருசம் கூப்பிட்டவ” என்றாள். “சாகிற அண்டும் கூப்பிட்டவ. நானும் கூப்பிட்டனான். ஒருநாளும் ஒரு சத்தமும் வரேல்லை.” அவளுடைய குரலில் கோபம் இல்லை. அதைவிட மோசமான ஒன்று இருந்தது. அவனுக்குக் கேட்ட அந்த மூச்சுக்காக அவள் ஏங்கினாள். “எங்கட குரல் அவனுக்குக் கேக்கேல்லைப் போலை. உங்களின்ரை ரேடியோவில எல்லா இடமும் போயிருக்கு.”

“பெர்னடெற்...”

“வந்தா என்னட்டை அனுப்பிவிடுங்கோ அண்ணை.” அவள் அவனுடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்கள் செய்தது எனக்கு ஒண்டும் வேண்டாம். மன்னிப்பும் கேக்க வேண்டாம். ‘நான் உன்ரை அண்ணன் இல்லை, உன்ரை தங்கச்சி இஞ்சை இருக்கிறாள்’ எண்டு மட்டும் சொல்லுங்கோ. அவனுக்கு ஆள் மாறிப்போச்சு. அவ்வளவுதான்.”

“சொல்லுறன்” என்றான்.

“சத்தியமா?”

“சத்தியமா.”

வீட்டுக்குத் திரும்பும்போது நாலரை மணி. இருட்டிவிட்டது. வேனுக்குள் ஒரு சத்தமும் இல்லை. வைப்பர் போய் வரும் சத்தம், சக்கரத்தின் கீழ் தண்ணீர் கிழியும் சத்தம், இவ்வளவுதான். எத்தனையோ கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக அவனுடைய தோளுக்குப் பின்னால் யாரும் மூச்சு விடவில்லை. பெர்னடெற்றிடம் சொல்லிவிட்டதால் அந்த மூச்சு விட்டுப்போய்விட்டது என்று நினைத்தான். சிக்னலில் நிற்கும்போது அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சற்று அழுதுகூட விட்டான். இன்றைக்கே செல்வமலருக்கும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான்.

செல்வமலர் நடையிலேயே நின்றாள். நல்ல சேலை உடுத்திருந்தாள். முகமெல்லாம் வெளிச்சம்.

“எங்கை போனனீங்கள்? எத்தினை தரம் போன் அடிச்சனான்!” குரலைத் தாழ்த்தினாள். “உங்கட தம்பி வந்திருக்கிறார்.”

அவன் கதவில் சாய்ந்தான்.

“உயிரோட இருக்கிறாரப்பா. கடவுளே, எந்த ஆமிக் காம்பில வைச்சிருந்தாங்களோ. கதைக்கிறார் இல்லை, வாயில ஏதோ வருத்தம் போலை. கூடத்தில உங்கட படத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். எனக்கு உடனை விளங்கீட்டுது.” அவள் அவனுடைய கோட்டைக் கழற்றினாள். “கீர்த்திகா என்ன மாதிரி ஒட்டீட்டாள் தெரியுமோ? மடியை விட்டு இறங்கிறாள் இல்லை.”

கீர்த்திகா. ஐந்து வயது மகள்.

முன்னறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே மகள் ஏதோ கதைத்துக்கொண்டிருந்தாள். பதில் இல்லை. அவள் மறுபடி கதைத்தாள்.

அவன் உள்ளே போனான்.

சோஃபாவில் ஒரு பையன் இருந்தான். பதினேழு வயது. ஒரு நாளும் கூடவில்லை. பொத்தான் போட்ட அரைக்கைச் சட்டை, லண்டன் டிசம்பரில். கால் வெறுங்கால். அவன் பரமேஸ்வரனை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் பழி இல்லை, கேள்வி இல்லை. நிறைய நாள் நடந்து, கடைசியில் தன்னைக் கூப்பிட்டவரிடமே வந்து சேர்ந்துவிட்ட ஒரு பிள்ளையின் சந்தோஷம் மட்டும் இருந்தது.

சொல்ல வேண்டும். நான் உன்ரை அண்ணன் இல்லை. ஒரே வசனம்.

செல்வமலர் அவனுடைய முதுகில் கை வைத்தாள். “என்னப்பா விறைச்சுப்போய் நிக்கிறியள்? உங்கட தம்பிதானே?”

அவளுடைய கண்கள். மகளின் கண்கள். அந்தப் பையனின் கண்கள்.

“ஓம்” என்றான் பரமேஸ்வரன்.

பையன் மூச்சை உள்ளே இழுத்தான். பதில் சொல்ல வாயைத் திறந்தான்.

“பொறுங்கோ சித்தப்பா, இன்னும் முடியேல்லை” என்றாள் கீர்த்திகா. அவள் பையனின் மடியில் முழங்காலூன்றி எழுந்து, பெட்டியில் இருந்து இன்னொரு டிஷ்யூவை உருவி, இடக்கையால் அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு, பல்லுக்குப் பின்னால் இருந்து ஈரமான ஊர்ச் செம்மண்ணைக் கவனமாகத் தோண்டித் துடைத்தாள். வாய் மறுபடி நிறைந்தது. அவள் இன்னொரு டிஷ்யூவை எடுத்தாள். பக்கத்து மேசையில் அவள் ஒழுங்காகக் குவித்து வைத்திருந்த மண் அவளுடைய தோளளவுக்கு உயர்ந்திருந்தது.