ஏசி வாளி

வாளி அதற்குள் நிறைந்துவிட்டிருந்தது.

மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே பால்கனிக்கு வந்தவள், அதைப் பார்த்ததும் சற்று நின்றாள். மாமனார் அறையின் சுவரைத் துளைத்து வரும் ஏசிக் குழாய் சொட்டுச் சொட்டாக வடிப்பதைப் பிடிக்கத்தான் அந்த நீல வாளி. சாயங்காலம் அவர் எழுந்து வரும்போது பாதி நிறைந்திருக்கும். அதில்தான் வீடு துடைப்பாள். இன்றைக்கு அவர் படுத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகிறது. ஆனால் குழாய் சொட்டவில்லை. விரல் தடிமனுக்கு ஊற்றிக்கொண்டிருந்தது.

கடலோரக் கோடையில் எதுவும் காய்வதில்லை. கொடியில் போட்ட துணி மறுநாளும் ஈரமாகவே தொங்கிப் புளித்த வாடை அடிக்கும். உப்பு ஜாடிக்குள் கல்லாய் இறுகிவிடும். தீக்குச்சியை உரசினால் மருந்து மட்டும் வழித்துக்கொண்டு வரும். கதவுகள் ஈரத்தைக் குடித்து ஊதிப்போய் நிலையோடு சண்டை போடும். குளித்துவிட்டுத் துவட்டும்போதே முதுகில் மறுபடி வழியத் தொடங்கும். அந்த வீட்டில் காய்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான்: மாமனாரின் அறை.

அதை அறை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "குளிர் மண்டலம்" என்பார். அரசாங்கத்தில் கண்காணிப்புப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வேலைதான், கண்காணிப்பு அல்ல. ஜன்னல் இடுக்குக்கெல்லாம் டேப், கதவு விளிம்புக்கு ரப்பர் பட்டை, உள்ளே தாழ்ப்பாள். அவர் படுத்துவிட்டால் தானாக எழுந்து வரும்வரை கதவை யாரும் தொடக் கூடாது. ஒருமுறை அவள் கணவன் ஏதோ எடுக்கக் கதவைத் தட்டித் திறக்க வைத்துவிட்டான். அன்றிரவு சாப்பாட்டு மேஜையில், தொண்டையை ஒரு கனைப்புக் கனைத்துக்கொண்டு, காற்றின் ஈரப்பதம் குறித்து அவர் ஆற்றிய உரையில், எதுவுமே காயாத அந்த வீட்டில் எல்லாருக்கும் எச்சில் கை காய்ந்துபோனது.

இன்றைக்குத்தான் மண்டலத்துக்குள் இன்னொரு ஆளுக்கு அனுமதி. அவள் மகள் குட்டிக்குக் கழுத்திலிருந்து இடுப்புவரை வேர்க்குரு. சொறிந்து சொறிந்து அழுதுகொண்டே இருந்தாள். "பிள்ளையை என்கிட்ட விடும்மா. நம்ம மெஷின் ஈரத்தை ஒரு பொட்டுகூட விட்டுவைக்காது" என்று மாமனாரே கையை நீட்டினார். அவளுக்கு அவர்மேல் முதல்முறையாகப் பாசம்கூட வந்தது.

நீல வாளியை நகர்த்திவிட்டுப் பச்சை வாளியை வைத்தாள். துடைப்புத் துணியை முக்கியபோது கை ஒரு கணம் தயங்கியது. தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. குளிர்ந்த இயந்திரத்திலிருந்து வருகிற தண்ணீர், காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்ட மாதிரி. ஹாலை அரைகுறையாகத் துடைத்துவிட்டு, மிச்சத்தைக் கழிவறையில் கொட்டினாள். மூக்கின் கீழ் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தபோது உதட்டில் உப்புக் கரித்தது. வியர்வைதான் என்று நினைத்தாள். பிறகு, எதற்கென்று தெரியாமலே, முகத்தைக் கழுவி அழுத்தித் துடைத்துக்கொண்டு பால்கனிக்குப் போய், குழாயின் கீழ் விரல் நீட்டி, நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

உப்பு.

கணவனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, ஏசித் தண்ணி உப்புக் கரிக்குதுங்க."

"அதை எதுக்குடி குடிக்கிறே?"

"கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. எனக்கு என்னமோ பண்ணுது. கதவைத் தட்டட்டுமா?"

"தாராளமாத் தட்டு. ராத்திரி ஈரப்பதம் பாடத்தை நீ தனியா உட்கார்ந்து கேளு. குட்டி அழறாளா?"

"சத்தமே இல்லை."

"அவ சத்தம் போடாம தூங்குறதே அதிசயம். எழுப்பித் தொலைக்காதே. வை."

வைத்தாள். கதவின் முன்னால் போய் நின்றாள். தட்டத் தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. சாயங்காலம்வரை பொறுத்தால் அவரே எழுந்துவிடுவார். காதைக் கதவில் ஒட்டினாள். இயந்திரத்தின் உறுமல். அதற்கு அடியில் வேறெதுவும் இல்லை; குறட்டை இல்லை, புரளும் சத்தம் இல்லை.

அப்போது கனைப்பு கேட்டது.

அவருடையதேதான். உரை தொடங்கப்போகிறது என்று அறிவிக்கும் அதே கனைப்பு. அவளுக்கு உயிரே திரும்பி வந்தது.

"மாமா, எழுந்துட்டீங்களா? குட்டி தூங்குறாளா மாமா?"

மறுபடியும் கனைப்பு.

கதவுக்கு உள்ளேயிருந்து அல்ல. அவளுக்குப் பின்னாலிருந்து. பால்கனியிலிருந்து.

மெல்லத் திரும்பி நடந்தாள். பச்சை வாளி விளிம்புவரை வந்திருந்தது. அடியிலிருந்து ஒரு குமிழி எழும்பி வந்தது. உடைந்தது. கனைத்தது.

அவள் ஓடினாள். கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். "மாமா! குட்டி! குட்டீ!" தோளால் இடித்தாள். ஊதிப்போன மரம் அசையவில்லை. மறுபடி இடித்தாள். தோள் மரத்துப்போனது. மறுபடி. தாழ்ப்பாள் பிய்ந்தது.

வறண்ட குளிர் முகத்தில் அறைந்தது. பழைய காகிதக் கட்டின் வாடை. கட்டிலில் மாமனார் படுத்திருந்தார். எதையோ விளக்கத் தொடங்கியதுபோல் வாய் திறந்திருந்தது. ஏசிக் காற்று வரும்போதெல்லாம் அவருடைய கை லேசாக எழும்பியது. படபடத்தது. மறுபடி படுத்துக்கொண்டது.

பக்கத்தில் குட்டியின் பூப்போட்ட கவுன்.

அள்ளி எடுத்தாள். கவுன் காலியாக இல்லை. ஆனால் எடை இல்லை.

"அம்மா."

பால்கனியிலிருந்து.

வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. தண்ணீர் தரையில் இறங்கி, வளைந்து, மூலையிலிருந்த வடிகால் ஓட்டையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. அவள் குப்புற விழுந்தாள். ஓட்டையை இரண்டு உள்ளங்கையாலும் பொத்தினாள். புடவையைத் திணித்தாள். நெஞ்சை வைத்து அழுத்தினாள். விரல் இடுக்குகளில் வெதுவெதுப்பாய், வழுவழுப்பாய், அது நழுவிக்கொண்டே இருந்தது.

கீழே, குழாய்க்குள், வெகு ஆழத்திலிருந்து:

"அம்மா, தூக்கு."