இருபதாவது கைநாட்டு

பத்தொன்பது உறைகளைக் கொடுத்திருந்தாள். திரும்பி வந்தவை இருபது.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தின் குட்டை மேசையில் நிலக்ஷி அவற்றை மறுபடியும் எண்ணினாள். மூன்றரை மணிக்கே வெளியே மலையைப் பனி மூடிக்கொண்டிருந்தது. காயாத துணியும் காய்ச்சிய பாலும் கலந்த வாடைக்குள், தூளியில் ஏதோ ஒரு குழந்தை விட்டுவிட்டுச் சிணுங்கியது.

"எல்லாம் சரிதானே மிஸ்?" பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிரியந்தி கேட்டாள். "லயம் லயமா ஏறி எறங்கி எம் முட்டி ரெண்டும் போச்சு. ஒங்க பட்டத்துல பாதி எனக்குத்தான்."

நிலக்ஷி சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

மகளை வீட்டு வேலைக்குக் கொழும்புக்கு அனுப்பிய தாய்மாரைப் பற்றியது அவளுடைய முதுகலை ஆய்வு. இப்படிப்பட்ட ஆய்வில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஒருவர் பேசியதைப் பதிவு செய்து, எழுதி, அதன் சுருக்கத்தை அவரிடமே திரும்பக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். தான் சொன்னது இதுதானா என்று அவர் பார்ப்பார், தப்பிருந்தால் திருத்துவார், சரியென்றால் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பார். ஆய்வு செய்பவர் தன் கற்பனையை அடுத்தவர் வாயில் திணித்துவிடாமலிருக்க இப்படியொரு ஏற்பாடு. உறைகளில் போனவை அந்தச் சுருக்கங்கள்தான்.

இருபது பேரிடம் பேசுவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். பேசியவர்கள் பத்தொன்பது பேர். அது போதுமா என்று மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும் என்றிருப்பார். கேட்கப் பயந்து, இருபதாவது ஆளைத் தானே எழுதினாள். பேச்சியம்மா என்று பெயர் வைத்தாள். மூன்றாம் லயம், ஏழாவது காம்பரா. அந்த லயத்து வரிசையில் இருந்தது ஆறு வீடுதான். நிஜமான யாருடைய கதவிலும் பொய் போய் ஒட்டிவிடக்கூடாதென்றே ஏழு என்று போட்டாள். கடைசியில் மேற்பார்வையாளர் ஆய்விலேயே சிறந்தது என்று வட்டமிட்டது அந்தப் பேட்டியைத்தான்.

வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். பொய் வெளியே வந்தால் பட்டம் போகும். அதோடு, தன்னை நம்பி அழுத பத்தொன்பது பேரின் பேச்சும் குப்பைக்குப் போகும். ஆகவே இருபதாவது தாளில் தானே பெருவிரலை வைத்துவிடுவதாக இருந்தாள். அந்தத் தாள் இன்னும் அவள் பைக்குள் இருந்தது.

மேசையிலும் இருந்தது. அதே வரிகள். அடியில் நீல மையில் ஒரு பெருவிரல். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ரேகை ஒன்றுகூட இல்லை. வழவழவென்று மை மட்டும்.

"இது யாரு குடுத்தது?"

"பேச்சியம்மா. மூணாம் லயம், ஏழாவது காம்பரா." பிரியந்தி ஒரு குழந்தைக்கு மூக்கைச் சிந்திவிட்டாள். "ஒரு எடத்துல தப்பா இருக்காம். ஒங்ககிட்டதான் சொல்லுவாங்களாம். போங்க, நான் இதுங்கள அனுப்பிட்டுப் பின்னாடியே வாறேன்."

"அவங்கள ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

பிரியந்தி யோசித்தாள். "தெரியாம இருக்குமா மிஸ்," என்றாள், அதை யாரிடமோ கேட்பதுபோல.

லயத்துக்கு ஏறும் வழியில் கொழுந்து நிறுத்து முடித்த பெண்கள் கூடையோடு எதிரே இறங்கி வந்தார்கள். பிறகு அவர்களும் இல்லை. பீலிக் குழாயிலிருந்து தண்ணீர் கல்லில் விழும் சத்தமும், எங்கோ விறகு பிளக்கும் சத்தமும், தகரக் கூரைகளுக்கு மேலே ஏற முடியாமல் தரையோடு படர்ந்த அடுப்புப் புகையின் கரிப்பும் மட்டும் அவளோடு லயம் வரைக்கும் வந்தன. மூடுபனிக்குள் கதவுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பச்சை. பச்சை. நீலம். ஒரு வீட்டில் ரேடியோ. ஒன்றில் இருமல். ஐந்து. ஆறு.

ஏழு.

அதற்கு நிறமில்லை. திறந்திருந்தது.

"வாங்க மிஸ்."

உள்ளே ஒரு பெண் சுவரோரம் உட்கார்ந்து இடது கை விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பொய்ப் பேட்டிக்கு உயிர் வரட்டும் என்று நிலக்ஷி சேர்த்த சைகை அது. அறைக்குள் வாசனையே இல்லை. புகையில்லை, மண்ணெண்ணெய் இல்லை, மனித வாடைகூட இல்லை. நல்ல களக்குறிப்பில் வாசனையையும் எழுதவேண்டும். அவள் எழுதவில்லை.

"என்ன தப்புங்க?" என்றாள் நிலக்ஷி.

"ரெண்டு மணித்தியாலம் எங்கூட உக்காந்து பேசினதா எழுதியிருக்கீங்க. உக்காரலியே."

நிலக்ஷி கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"மத்ததெல்லாம் சரி. புள்ள போனது சரி. வராதது சரி. அழுதேன்னு எழுதியிருக்கீங்க, அன்னையிலருந்து அழுறேன். இது ஒண்ணுதான் பொய்யி. உக்காருங்க, சரியாக்கிருவோம்."

"நான் எல்லாத்தையும் சொல்லிடுறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள. ஒங்கள அதுலருந்து எடுத்துடுறேன்."

"எடுத்துட்டா எம்புள்ள வந்து என்னைய எங்க தேடும்?"

குரலில் கோபமில்லை. அதுதான் தாங்கவில்லை. நிலக்ஷி பின்னால் ஓரடி வைத்தாள். இன்னொன்று. கதவு அதே தூரத்தில் இருந்தது. எப்போதென்று தெரியாமல் தரையில் உட்கார்ந்திருந்தாள். தரையில் குளிர் இல்லை. சூடும் இல்லை.

"நீங்க உள்ள வந்தத எழுதியிருக்கீங்க மிஸ்," என்றாள் அந்தப் பெண் மெதுவாக. "நீங்க திரும்பிப் போனத எழுதல."

வெளியே காலடிகள். பிரியந்தி மூச்சு வாங்க ஏறி வந்தாள். நிலக்ஷி எழுந்து கதவைப் பார்த்துக் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள்.

பிரியந்தி தலையைத் திருப்பினாள்.

"இந்த ஆறாவது காம்பராக் கோடிச் செவுத்துக்குள்ள ஏதோ சத்தம் கேக்குதுங்க மிஸ்."

"எலியா இருக்கும்," என்றது நிலக்ஷியின் குரல்.

வெளியிலிருந்து. நிலக்ஷியின் குளிர்ச்சட்டையோடு, இடது கை விரல்களைத் தேய்த்தபடி ஒருத்தி. தோளில் நிலக்ஷியின் பையோடு. அந்தப் பை தன் தோளில் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

கதவு திறந்துதான் இருந்தது. பிரியந்தி கிட்டே வந்தாள். கையை நீட்டினாள். நிலக்ஷியின் முகத்துக்கு ஒரு சாண் முன்னால், வெறும் காற்றில், அந்த உள்ளங்கை சப்பென்று பதிந்து வெளுத்தது. மேலும் கீழும் தடவியது.

"செவுரு ஈரமா இருக்கு," என்று பிரியந்தி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.