கோட்டின் உள்துணி

“எடுத்தது அவதான் சார். அது தொலைஞ்சா வேற யாருக்கு லாபம்?”

“லாபம் இருக்கிறவங்க எல்லாம் திருடினா ஊர்ல பாதிப் பேர் ஜெயில்லதான் இருக்கணும்,” என்றார் துப்பறிவாளர். “முதல்லேருந்து சொல்லும்மா.”

அவருடைய அக்கா மகள் பேனாவின் மூடியைத் திறந்தாள். மாமாவிடம் உதவியாளராகச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு கொலை வழக்காவது வராதா என்று ஏங்கிக்கொண்டிருந்தவளுக்கு, வந்து வாய்த்தது ஒரு விமானியின் காணாமற்போன உரிமம்.

தன் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து, விமானி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். இத்தனை வருடம் அவள் விமானம் ஓட்டியது வேறொரு நாட்டில். அந்த நாட்டு உரிமத்தை இந்த நாட்டுக்கு மாற்றினால்தான் இங்கே ஓட்டலாம். பரீட்சை, உடல் பரிசோதனை எல்லாம் முடிந்துவிட்டன. நாளைக் காலை பழைய உரிமத்தின் ஒரிஜினலைக் காட்ட வேண்டியதுதான் பாக்கி.

“காட்டலேன்னா இங்கே எனக்குக் கிடைச்ச பைலட் வேலை, லிஸ்ட்ல எனக்கு அடுத்து இருக்கிற என் ஃப்ரெண்டுக்குப் போயிடும். முந்தாநாள் அவ இந்த ரூம்லதான் உக்காந்திருந்தா. இனிமே என் மூஞ்சிலேயே முழிக்காதேன்னு சொல்லிட்டேன்.”

“வேலை போச்சுன்னா?”

“டூப்ளிகேட் வாங்கிக்கிட்டு அங்கேயே திரும்பிப் போயிடுவேன்.”

ஜன்னலோரம், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் தையல்காரரான அவள் அப்பா உட்கார்ந்திருந்தார். மகள் வேலையில் சேரும்போது போட்டுக்கொள்ள ஒரு கறுப்புக் கோட்டு தைத்துக்கொண்டிருந்தார். ஊசி நின்றது.

“அதுக்கு டூப்ளிகேட்கூடத் தருவாங்களா பாப்பா?”

“தருவாங்கப்பா. மாசக்கணக்கா இழுப்பாங்க, அவ்வளவுதான்.”

துப்பறிவாளர் அவளுடைய பையைத் திறக்கச் சொன்னார். உரிமம் இருந்த உறை காலியாக அடியில் கிடந்தது. அதன் மேல், காதில் மாட்டும் ஹெட்செட். அதன் ஒயர் பம்பரக் கயிறுபோல இறுக்கிச் சுற்றப்பட்டு, நுனி உள்ளே செருகப்பட்டிருந்தது.

“இப்படிச் சுத்தினது நீயா?”

“ஐயையோ! இப்படி இறுக்கினா உள்ளே ஒயர் அறுந்துடும். தளர்வா வளையம் போட்டுத்தான் வைப்போம். பறக்கக் கத்துக்கிட்ட முதல் வாரமே இதுக்குத் திட்டு வாங்காத ஆளே கிடையாது.”

“சரி. நீ வெளியே போய் ஆபீசுக்கு ஃபோன் போட்டு ரெண்டு நாள் தவணை கேட்டுப் பாரு.”

அவள் படியிறங்கியதும் அக்கா மகள் பரபரத்தாள். “மாமா, அந்த ஃப்ரெண்டுதான். அவசரத்துல கன்னாபின்னான்னு சுத்திட்டா!”

“அவளும் விமானிதானே? அவளும் அதே திட்டு வாங்கினவதானே? அதோட, இது அவசரமாச் சுத்தினதில்ல. அழகாச் சுத்தினது. மெஷின் மேல பாரு.”

அங்கே அளவு நாடா இருந்தது. இறுக்கமான சுற்று, நுனி உள்ளே செருகல்.

அக்கா மகளின் பேனா விரலிலேயே நின்றது. மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுத் தையல்காரரின் எதிரே உட்கார்ந்தார்.

“கோட்டு பிரமாதம் ஐயா. ஆனா நாங்க வந்ததிலேருந்து அதை மடியை விட்டு இறக்கவே இல்லையே?”

 தையல்காரர் கத்தரியை எடுத்து உள்துணியின் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். துணியில் ஒரு கீறல் விழவில்லை. உள்ளேயிருந்து அந்த உரிமம் வெளியே வந்தது.

“பரீட்சைதான் இங்கேயே பாஸ் பண்ணிட்டாளே, இந்த ஊரு லைசென்ஸ் தானா வந்துடும்னு இருந்தேன் சார். இது இல்லாட்டி அந்த ஊருக்குத் திரும்பிப் போக முடியாதில்ல?”

“மாத்துறதுன்னா பழசை விட்டுட்டுப் புதுசு வாங்குறதில்ல ஐயா. பழசைக் காட்டித்தான் புதுசு வாங்கணும். அவ இங்கே தங்குறதுக்கு இருந்த ஒரே வழியை நீங்களே தைச்சு மூடிட்டீங்க.”

“நேத்து ராத்திரி அவ அழுதப்பதான் அது விளங்குச்சு. அதுக்குள்ள அந்தப் பொண்ணுகிட்ட சண்டை போட்டுட்டு வந்து நின்னா. எனக்கு வாயே வரல.”

கீழே வாசற்கதவு திறந்தது. தவணை கிடைக்கவில்லை போலும். படியில் செருப்புச் சத்தம் தளர்ந்து ஏறி வந்தது. தையல்காரர் உரிமத்தைத் துப்பறிவாளரின் கையில் திணித்து, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

அக்கா மகள் பேனாவை மூடினாள். முகத்திலேயே முழிக்காதே என்று விரட்டப்பட்ட அந்தத் தோழியும், எங்கோ ஓர் அறையில், வேலை தனக்கு வருமென்று நாளைக் காலைக்காகச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பாள்.

“கிடைச்சிடுச்சுன்னு மட்டும் சொல்லுங்க சார்,” என்றார் தையல்காரர் மெல்ல. “எடுத்தது யாருன்னு சொல்லாம விட்டுடுங்களேன்?”