ஆறு நாள் காய்ச்சல்

ஜனவரி மாதத்து வெள்ளிக்கிழமை. வெள்ளக்கடையிலிருந்து முதல் பஸ்ஸில் ஏற்காடு வந்து இறங்கிய காப்பி எஸ்டேட்டுக் கூலி சின்னத்தாயி, வழி விசாரித்துக்கொண்டே போய் ஸ்தனிஸ்லாஸ் வீட்டுக் கதவைத் தட்டினாள். மகன் பொன்னுவேல் பத்தடி பின்னால் நின்றான். உதவி கேட்டு யார் வாசலிலும் நிற்கப் பிடிக்காத பிள்ளை அவன்.

ஸ்தனிஸ்லாஸ் தடயவியல் கூடத்தில் வேதியியல் நிபுணராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் விசாரணைகளில் எல்லாம் பக்கத்து வீட்டுப் பள்ளி ஆசிரியை கலாவதியும் உண்டு. முதல் ஐந்து நிமிடத்தில் குற்றவாளியைச் சொல்லிவிடுவாள். பெரும்பாலும் தப்பாகத்தான் சொல்வாள்.

"ஏனுங்க ஐயா, எம்பட பையன் பொய்யா எழுதிட்டான்னு பெங்களூருல சொல்றாங்க. செவ்வாக்கெழம பேர அடிச்சுப்போடுவாங்களாமுங்க. நொம்பக் கஷ்டப்பட்டுப் படிச்ச புள்ளைங்க."

பொன்னுவேல் ஆங்கிலக் கடிதம் ஒன்றை நீட்டினான். அவன் அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் முனைவர் பட்ட மாணவன்.

"பாலிஸ்டைரீனையும் இன்னொரு பாலிமரையும் ஒண்ணாக் கரைச்சு, ஊத்தி, மெல்லிசாப் படலம் எடுத்தேன் சார். டொலுயீன்ல கரைச்சா ரெண்டும் கலந்துக்குது. குளோரோஃபார்ம்ல கரைச்சா பிரிஞ்சு நிக்குது. அதத்தான் என்.எம்.ஆர். கருவில காட்டினேன்."

"கலந்துச்சா இல்லையான்னு கருவிக்கு எப்படித் தெரியும்?" என்றாள் கலாவதி.

"ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவும் குட்டிக் காந்தம் மாதிரி, டீச்சர். நாம அதக் கிளப்பி விட்டா, இருந்த இடத்துலயே இருந்துக்கிட்டு அந்தக் கிளர்ச்சியப் பக்கத்து அணுவுக்குக் கைமாத்தி விடும். ஸ்பின் பரவல்னு பேரு. ரெண்டு பாலிமரும் சில நானோமீட்டருக்குள்ள நெருங்கிக் கலந்திருந்தா எல்லாம் பகிர்ந்துக்கிட்டு ஒரே வேகத்துல அடங்கும். தனித்தனியா இருந்தா ஆளுக்கொரு வேகம்."

"படலத்துல கரைப்பான் மிச்சமிருந்தா?" என்று கேட்டார் ஸ்தனிஸ்லாஸ்.

"எண்ணெல்லாம் கெட்டுப்போகும் சார். எடை குறையறது நிக்கற வரைக்கும் வேக்குவம் ஓவன்ல உலர வச்சுத்தான் எடுப்பேன்."

தகராறே அதில்தான். ஒன்றரை வருடம் முன்பு, ஆகஸ்ட் எட்டு முதல் பதிமூன்று வரை அவனுக்கு 'ஃபீவர்' என்று அவன் குறிப்பேட்டு ஓரத்திலேயே தமிழில் எழுதியிருக்கிறதாம். சென்னைக்காரரான விசாரணைக் குழு உறுப்பினர் ஒருவர் அதைப் படித்து மொழிபெயர்த்திருந்தார். படுத்துக் கிடந்தவன் குளோரோஃபார்ம் படலத்தை எப்படித் தயாரித்தான்? பதினான்காம் தேதி அளந்ததாகக் காட்டிய எண்கள் கற்பனையே என்று கடிதம் முடிந்தது.

"எனக்கு ஜுரமே வரலை சார். குறிப்பேடு இப்ப அவங்க கையில. யாரோ எழுதி வச்சிருக்காங்க. என் ரூம்ல தங்கியிருக்கறவன் பாலசுப்பிரமணியம் ஒருத்தன்தான். தமிழ் எழுதத் தெரிஞ்சவனும் அவன்தான்."

"அப்ப அவனேதான்!" என்றாள் கலாவதி.

ஸ்தனிஸ்லாஸ் அதைக் காதில் வாங்கவில்லை. சின்னத்தாயியிடம் காப்பியை நீட்டி, "எஸ்டேட்டுக் களத்து வேலையெல்லாம் எப்படிப் போகுதுங்க?" என்றார்.

"எங்கீங்க! ஒரே மூட்டம். ஆறு நாளாக் கொட்டையக் கெளறி உடறோம், இன்னும் காய்ச்சல் பத்தலைன்னு கணக்கெழுதற ரைட்டரு மூட்ட கட்ட உடமாட்டேங்கறாரு."

ஸ்தனிஸ்லாஸ் எழுந்து போய் பெங்களூருக்கு டிரங்க் கால் பதிவு செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தாயும் மகனும் மறுபடி வந்திருந்தபோது பாலசுப்பிரமணியமே வந்துவிட்டான். கையில் இரண்டு நகல்கள். பொன்னுவேல் அவன் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்தனிஸ்லாஸ் முதல் நகலை, குழு தந்த குறிப்பேட்டுப் பக்கத்தை, கலாவதியிடம் கொடுத்தார். அவள் சத்தமாகப் படித்தாள்: "'குளோரோஃபார்ம் படலம். ஆறு நாள் காய்ச்சல்.' ஜுரம்தானே சார்! தெளிவா எழுதியிருக்கே."

"சின்னத்தாயம்மா, கொட்டைக்கு ஆறு நாள் காய்ச்சல்னா என்னங்க அர்த்தம்?"

"ஆறு நாள் நல்லாக் காஞ்சிருக்குதுன்னு அர்த்தமுங்க. இதென்னங்க கேள்வி?"

பொன்னுவேல் பாய்ந்து வந்து தாளைப் பிடுங்கினான். "நான் எழுதினதுதான் சார்! என் கையெழுத்துதான்! படலம் காஞ்ச கணக்கு இது!"

"குறிப்பு படலத்தைப் பற்றியது. உறுப்பினர் ஆளைப் பற்றியதாகப் படித்துவிட்டார்," என்றார் ஸ்தனிஸ்லாஸ். "காப்பிக் களத்தில் வளர்ந்தவன் உலர்வதைக் காய்ச்சல் என்றுதான் எழுதுவான். ஆனால் குழுவுக்குச் சொல் மட்டும் போதாது, அதனால்தான் இரண்டாவது நகலையும் கேட்டேன். இது ஆய்வுக்கூடப் பொதுத் தராசின் பதிவேடு. ஆறு நாளும் தம்பி கையெழுத்து, அதற்குக் கீழே அன்றன்று அடுத்து எடை போட்டவர்கள் கையெழுத்து. படலத்தின் எடை தினமும் குறைந்து, கடைசி இரண்டு நாள் அசையாமல் நின்றிருக்கிறது. படுத்துக் கிடந்தவன் ஆறு நாளும் தராசு முன் வந்து நிற்க முடியாது. படலம் இருந்தது, காய்ந்தும் இருந்தது; பதினான்காம் தேதி எண்களைக் கற்பனை என்று சொல்ல இனி இடமில்லை."

சின்னத்தாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குப் புரிந்தது பாதிதான். மகன் பொய்யன் இல்லை என்ற அந்தப் பாதியே போதுமாக இருந்தது.

பொன்னுவேல் நண்பன் பக்கம் திரும்பினான். "நீதான் எழுதி வச்சேன்னு நெனச்சேன்டா, பாலு. இவங்ககிட்ட அப்படியே சொல்லிப்புட்டேன்."

"நானும் ஜுரம்னுதான் படிச்சேன். ஆனா நம்பலை," என்றான் பாலசுப்பிரமணியம். "நெஜமாவே உனக்கு ஆறு நாள் ஜுரம்னா, அந்த ரூம்ல கஞ்சி வச்சுக் குடுத்தது யாருடா? எனக்குத் தெரியாமலா இருக்கும்? என்னை நெனைக்கறதுக்கு முன்னாடி அத யோசிச்சிருக்கக் கூடாதா?"

அம்மா பார்க்கிறாள் என்ற கூச்சம்கூட இல்லாமல் பொன்னுவேல் அழுதான்.

பாலசுப்பிரமணியம் இரண்டு நகல்களையும் மடித்து அவன் சட்டைப் பையில் வைத்தான். "சரி, கெளம்பு. மூணு மணி பஸ் போயிடும்."