மாற்று உடை கொண்டு வரவும்

பள்ளி அலுவலகத்தில் போன் அடித்தது.

வழிபாடு முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். அலுவலகப் பெண் ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கணினியில் தட்டிக்கொண்டிருந்தாள். வராத பிள்ளைகளின் வீட்டுக்கு மெசேஜ் அனுப்புவது அவள் வேலை.

"சொல்லுங்க."

"என் பொண்ணு இன்னைக்கு ஸ்கூலுக்கு வந்திருக்கான்னு மெசேஜ் வந்திருக்கு மேடம்."

"வந்தா அனுப்ப மாட்டோமே... வரலைன்னாதான் அனுப்புவோம். எந்த கிளாஸ்?"

"மூணாவது பி."

விரல்கள் நின்றன.

அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அம்மா. அவளுடைய ஒரே மகள் மூணாவது பி-யில்தான் படித்தாள்.

படித்தாள். போன வருஷம் செத்துப்போனாள்.

"காலையில அவ சரியாவே சாப்பிட மாட்டா. பசிக்குதுன்னு சொன்னாளா மேடம்?"

ரிசீவர் நழுவி மேஜையில் விழுந்தது. அதற்குள்ளிருந்து அந்தக் குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

*

போன வருஷம் நடந்தது இதுதான்.

பிள்ளையை ஸ்கூட்டரில் கொண்டுவந்து பள்ளி வாசலில் விட்டதாகச் சொன்னான் அப்பா. லிஃப்ட் மெக்கானிக். எங்கோ லிஃப்ட்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டதாக அழைப்பு வரவே, வழக்கத்தை விடச் சீக்கிரமாகவே விட்டுவிட்டுப் பறந்தானாம்.

பள்ளியோ, பிள்ளை வரவேயில்லை என்றது. வரவில்லை என்று அம்மாவின் போனுக்குக் காலையிலேயே மெசேஜும் போயிருந்தது.

சாயங்காலம், ஊருக்கு வெளியே ஏரியில் உடல் மிதந்தது.

முந்தின நாள்தான் புருஷன் பெண்டாட்டிக்குள் பெரிய சண்டை. "பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவேன், அப்புறம் நீ கண்ணாலகூடப் பார்க்க முடியாது" என்று அவன் கத்தியதை அக்கம்பக்கம் முழுக்கக் கேட்டிருந்தது.

"அவர் பொய் சொல்றார் சார்" என்று போலீஸில் சொன்னவள் வேறு யாருமில்லை. அந்த அம்மாதான்.

அவன் இப்போது சிறையில் இருக்கிறான்.

*

தாளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மெல்லப் பேசுகிற மனிதர். பிள்ளைகளிடம்கூடக் குரல் உயர்த்த மாட்டார்.

"மெஷின் கோளாறு. அந்த நம்பரை எடுத்துடு."

"எடுத்துட்டேன் சார்" என்றாள் அலுவலகப் பெண். "போன வருஷமே எடுத்துட்டேன்."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அப்போ யார் அனுப்பறா?"

"தெரியலை சார்... நம்ம கணினியில அனுப்பின தடயமே இல்லை."

பள்ளி விடும் மணி அடித்தது. பிள்ளைகள் மொய்த்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். வேன்கள் கிளம்பின. வாசல் காலியானது.

காலியாகாமல் ஒருத்தி மட்டும் நின்றாள்.

தாளாளரே இறங்கிப் போனார்.

"யாரும்மா வேணும்?"

"பொண்ணைக் கூட்டிட்டுப் போக வந்தேன் சார்." அந்த அம்மா போனை நீட்டினாள். மேலே 'பள்ளி' என்று பெயர். கீழே ஒரே வரி.

'உங்கள் மகள் இன்று பள்ளிக்கு வந்திருக்கிறாள்.'

"எல்லாரும் போயாச்சும்மா."

"இருக்கட்டும் சார். அவ எப்பவும் கடைசியாத்தான் வருவா. ஷூ லேஸ் கட்டத் தெரியாது."

தாளாளர் திரும்பி நடந்தார். மாடிக்குப் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தார். அவள் காலி மைதானத்தைப் பார்த்து லேசாகக் கையசைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள்.

மெசேஜ் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. 'உங்கள் மகள் வகுப்பில் யாருடனும் பேசுவதில்லை.' 'உங்கள் மகள் இருட்டாக இருக்கிறது என்கிறாள்.'

ஆசிரியைகள் கூடிக் கூடிக் குசுகுசுத்தார்கள். மூணாவது பி-யில் ஒரு மூலை பெஞ்சில் உட்கார எந்தப் பிள்ளையும் சம்மதிக்கவில்லை. யார் கிளப்பிவிட்டது என்று யாருக்கும் தெரியவில்லை.

தாளாளருக்குத் தூக்கம் போனது. காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுகிறார். வந்ததும் கட்டடத்தின் பின்பக்கம் போகிறார்.

அலுவலகப் பெண் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தரையோடு தரையாக இருந்த இரும்பு மூடியை அவர் காலால் அழுத்திப் பார்க்கிறார். பூட்டை இழுத்துப் பார்க்கிறார். பிறகு குனிந்து... காதை மூடியின் மேல் வைக்கிறார்.

அவள் ஜன்னலைச் சாத்தினாள்.

*

போலீஸைக் கூப்பிட்டதும் தாளாளர்தான்.

போன வருஷம் அப்பாவைக் கைது செய்த அதே இன்ஸ்பெக்டர் வந்தார். தொந்தி பெருத்த ஆசாமி. நாற்காலி அவரைக் கண்டதும் முனகியது.

"பாவம்தான் சார்" என்றார் தாளாளர். "ஆனா மத்த பேரன்ட்ஸ் பயப்படறாங்க. டி.சி. கேட்டு வர ஆரம்பிச்சுட்டாங்க. நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லி, வைத்தியம் கியித்தியம் பார்க்கச் சொல்லுங்க."

"வரட்டும், பேசுவோம்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. கதவு திறந்தது.

அந்த அம்மா நின்றாள். கையில் துணிப்பை. அதிலிருந்து ஒரு சீருடையை எடுத்தாள். இஸ்திரி போட்டு மடித்த குட்டிச் சட்டை, பாவாடை. மேஜை மேல் வைத்தாள்.

"என்னம்மா இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

போனை அவரிடம் நீட்டினாள். அவர் சத்தமாகப் படித்தார்.

"உங்கள் மகளின் சீருடை நனைந்திருக்கிறது. மாற்று உடை கொண்டு வரவும்."



"சீக்கிரம் கொடுத்துடுங்க சார்" என்றாள் தாளாளரிடம். "ஈரத்தோட இருந்தா அவளுக்கு உடனே சளி பிடிச்சுக்கும்."

தாளாளரின் முகத்தில் சொட்டு ரத்தமில்லை. வேர்வை காதோரமாக வழிந்து காலரில் இறங்கியது.

"ஈரமெல்லாம் இல்லைம்மா..."

"குளிருதுன்னு சொல்றாளாம் சார்."

"இல்லைங்கறேன்ல. எப்படி நனைவா? அந்தத் தொட்டிக்கு அப்பவே இரும்பு மூடி போட்டாச்சு. பூட்டு போட்டிருக்கு. தினமும் நானே பார்க்கறேன்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது.

இன்ஸ்பெக்டர் போனை மெதுவாகக் கீழே வைத்தார்.

"எந்தத் தொட்டி சார்?"

"இல்லை... பொதுவா சொன்னேன்."

"பொண்ணு ஏரியில கிடந்ததாத்தானே நான் கேஸ் எழுதினேன். தொட்டி எங்கேருந்து வந்துச்சு?"

"மனசு சரியில்லை சார். தூக்கமில்லாம ஏதோ உளறிட்டேன்."

"உளறலுக்கு இரும்பு மூடி, பூட்டு எல்லாம் இருக்கே. அப்பவேன்னீங்களே... எப்பவே?"

தாளாளர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

சத்தம் வந்தது கதவோரத்திலிருந்து. அலுவலகப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்றேன் சார்."

"நீ வெளியே போ" என்றார் தாளாளர், அப்போதும் மெல்லிய குரலில்.

"நீ சொல்லும்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அன்னைக்கு ஸ்கூல்ல சாரும் நானும்தான் இருந்தோம். அந்தப் பொண்ணு வந்துச்சு. எனக்கு குட் மார்னிங் சொல்லிட்டுப் பின்பக்கம் விளையாடப் போச்சு. அங்க தரைக்குள்ள இருக்கற தண்ணித் தொட்டியோட மரமூடி அப்போ உடைஞ்சு கிடந்துது. டீச்சருங்க எத்தனையோ தடவை சொல்லியும் சார் மாத்தலை." அவள் மூச்சு வாங்கினாள். "கொஞ்ச நேரத்துல சார் வந்தார். சட்டைக் கை ரெண்டும் தோள் வரைக்கும் நனைஞ்சிருந்துது. 'மூணாவது பி-யில அந்தப் பொண்ணு இன்னைக்கு வரலை, மெசேஜ் அனுப்பிடு'ன்னார். வந்துச்சே சார்னேன். 'வரலை'ன்னார். அப்புறம் காரைப் பின்பக்கம் கொண்டு போனார்."

"இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கலை?"

"என் பையன் இங்கதான் சார் ஒண்ணாவது படிக்கிறான். தினமும் அவனைக் கூப்பிட்டு, தலையைத் தடவி, சாக்லேட் கொடுப்பார். என்னைப் பார்த்துக்கிட்டே கொடுப்பார்."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். நாற்காலி பெருமூச்சு விட்டது. தாளாளர் அசையவில்லை. தன் பள்ளிக்கூடத்தில் முதல் முறையாகத் தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி, கைகட்டி நின்றார்.

அந்த அம்மா அலுவலகப் பெண்ணின் பக்கத்தில் வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"குட் மார்னிங் சொன்னாளா?"

"சொன்னா."

"சிரிச்சுக்கிட்டேவா?"

"ஆமாக்கா."

அந்த அம்மா தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

*

ஜீப் தாளாளரை ஏற்றிக்கொண்டு போனது. இன்ஸ்பெக்டர் மட்டும் வராந்தாவில் நின்றார். கையில், எதிரே நின்ற அந்த அம்மாவின் போன்.

"நாளைக்கே உங்க வீட்டுக்காரரை வெளியே கொண்டு வர ஏற்பாடு பண்றேன். அவர்கிட்ட நான் மன்னிப்பு கேட்கணும்."

"நான் உங்களுக்கு முன்னாடி கேட்கணும் சார். கட்டின புருஷன் தலையில அடிச்சு சத்தியம் பண்ணினார். அதை நம்பலை. போன்ல வந்ததை நம்பினேன்."

 இன்ஸ்பெக்டர் போனைத் தட்டினார்.

"இதுல பேரு 'பள்ளி'ன்னு இருக்கு. பேரைத் தொட்டா நம்பர் வருதும்மா. அது பள்ளிக்கூடத்து நம்பர் இல்லை."

அவள் துணிப்பைக்குள் கையை விட்டாள். பட்டன் தேய்ந்த பழைய போன் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"நீங்களேவா?"

"நானேதான் சார். என் போன்ல இந்த நம்பருக்கு 'பள்ளி'ன்னு பேர் போட்டு வெச்சேன். தினமும் காலையில எனக்கு நானே அனுப்பிக்கிட்டேன்."

"எப்படி சந்தேகம் வந்துச்சு?"

"புதுப் போனுக்கு மாத்தும்போது பழைய மெசேஜையெல்லாம் படிச்சேன். அவ காய்ச்சல்ல லீவு போட்ட நாள்லயெல்லாம் வழிபாடு முடிஞ்சப்புறம்தான் மெசேஜ் வந்திருக்கு. அன்னைக்கு மட்டும் மணி அடிக்கறதுக்கு முன்னாடியே வந்திருக்கு. பேர் கூப்பிடாமயே வரலைன்னு எப்படித் தெரியும்? உங்க ஸ்டேஷனுக்கு வந்து சொன்னேன். இதெல்லாம் ஒரு ஆதாரமான்னு அனுப்பிட்டாங்க."

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தொட்டியில விழுந்ததுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கண்டுபிடிக்கலை சார். என் பொண்ணு தண்ணியில செத்தா, அது மட்டும்தான் எனக்குத் தெரியும். எந்தத் தண்ணின்னு அவரே சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

மூணாவது பி-யிலிருந்து பிள்ளைகள் ஒரே குரலில் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் வந்தது. அவள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள்.

"ஸ்கூல் பேர்ல பொய் மெசேஜ் அனுப்பினது குத்தம்தானே சார். என் மேல கேஸ் போடுங்க."

"போட்டுடலாம்மா" என்றார் இன்ஸ்பெக்டர், தொப்பியை மாட்டிக்கொண்டே. "ஆனா புகாரை ஸ்கூல் தாளாளர்தான் எழுதிக் கொடுக்கணும். அவர் உள்ளே போயிட்டு வெளியே வந்து கொடுக்கட்டும்... அதுக்குள்ள நான் ரிட்டயர் ஆகி, என் பேரனுக்கே கல்யாணம் ஆயிடும்."